பதின்மூன்று கல்

மாடியில் குடியிருக்கும் பெண் நேற்றுக் காலை தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மணிக்கட்டில் கட்டிவிட்டாள். "சும்மா நடந்துட்டு வாங்க ஆன்ட்டி, அதுவே எண்ணும்" என்றாள். தெருமுனை மருந்துக்கடை வரை போய்த் திரும்பினேன். ஒன்று புள்ளி இரண்டு கிலோமீட்டர் என்று காட்டியது. அதற்குக் கீழே நாடித் துடிப்பு தொண்ணூற்றாறு என்று காட்டியது. அந்த இரண்டு எண்களையும் ஒன்றாகப் பார்த்ததும் பதறி வாரை இழுத்தேன். கழற்றிக் கொடுத்தேன். "இதுக்குப் போயா பயப்படுறீங்க?" என்று அவள் சிரித்தாள். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி என்பது உனக்குத் தெரியும். ஆனால் இது என்ன பயம் என்று உனக்கும் தெரியாது. உன்னிடம் நான் சொல்லாமல் விட்ட ஒன்றைப் பற்றிய பயம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஐம்பது வருடத்துக்கு முந்திய கதை; நமக்கு அப்போது முப்பது வயது. ஒரே அலுவலகத்தில் நீ தபால் பிரிவு, நான் டைப்பிஸ்ட். வேலைக்காகச் சொந்த ஊரான அம்பகரத்தூரை விட்டு வந்து, காரைக்கால் தருமபுரத்தில் உன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அம்மாவோடு குடியிருந்தேன். சின்ன வயதில் உனக்கு வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தைத் தாக்கி, இருபத்திரண்டு வயதில் வேலூரில் வால்வை அறுத்துச் சரிசெய்திருந்தார்கள். அதிலிருந்து எட்டு வருடமாக உன்னைக் கண்ணாடிக் குவளை மாதிரிதான் எல்லாரும் வைத்திருந்தார்கள். குடம் தூக்காதே, மாடி ஏறாதே, பிள்ளை வேண்டாம். அலுவலகத்தில் ஒரு பைலை எடுத்தால்கூட யாராவது ஓடிவந்து வாங்கிக்கொள்வார்கள். உனக்கு அது எவ்வளவு எரிச்சல் என்று எனக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அந்த எரிச்சலையெல்லாம் என்மேல்தான் கொட்டுவாய்.

ஆடி மாதம் ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாய்: "சாரதா, தை மாசம் வேளாங்கண்ணிக்கு நடந்து போகப் போறேன்."

"நேர்த்திக்கடனாடி?" என்றேன்.

"அதெல்லாம் இல்ல. அப்பா போன வருஷம் செத்துப்போற வரைக்கும் வருஷா வருஷம் நடந்தாரு. எனக்காகத்தான் நடந்தாரு. அது எம்மாந் தூரம்னு என் காலுக்குத் தெரிய வேணாமா?"

உன் வீட்டுக்காரர் தடுத்துவிடுவார் என்று நம்பினேன். மின்சார இலாகாவில் லைன்மேன், கம்பத்தில் ஏறப் பயப்படாத மனிதர்; உன் விஷயத்தில் மட்டும் என்னைவிடப் பயந்தவர். நாலாவது நாள் என்னைக் கூப்பிட்டு, "டாக்டரம்மா சரின்னு சொன்னா போகட்டும். ஆனா நீ கூடப் போகணும்மா. நான் பஸ்ஸுல போயி கோயில்ல நிக்கிறேன். உன்னை நம்பித்தான் அனுப்புறேன், உசுரோட கொண்டாந்து விட்டுடு" என்றார். சரி அண்ணே என்றேன். அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததுமே அதை விழுங்கிவிடலாமா என்றிருந்தது.

உன் அப்பாவின் நோட்டு ஒன்று டிரங்குப் பெட்டியில் இருந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் சாலை மேஸ்திரியாக இருந்து, சாலையோரக் கற்களுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து எண் எழுதியவர் அவர். நோட்டிலும் கற்கள்தான். காரைக்காலிலிருந்து, பிரெஞ்சுச் சீமை முடியும் வாஞ்சூர் எல்லை பன்னிரண்டு கல். எல்லையிலிருந்து நாகப்பட்டினம் ஆறு கல். அங்கிருந்து வேளாங்கண்ணி மாதா கோயில் ஏழு கல். ஆக இருபத்தைந்து. பிரெஞ்சுக்காரன் நட்ட கல் என்பதால் நம் ஊரில் கல் என்றால் கிலோமீட்டர். அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. பஸ்ஸில் எத்தனையோ தடவை போன ஊர்தானே, தூரம் தெரியாதா என்று யாராவது கேட்கலாம். பஸ்ஸில் போகிறவளுக்கு எவ்வளவு நேரம் என்று தெரியும், எவ்வளவு தூரம் என்று தெரியாது.

அதை வைத்து, சாப்பாட்டு நேரத்தில் ஒரு திட்டம் டைப் அடித்தேன். ஆடியில் தினம் ஒரு கல். ஆவணியில் மூன்று. அப்புறம் ஞாயிறுதோறும் ஒன்று கூட்டி, மார்கழிக்குள் ஒரே நாளில் பதினெட்டு. தையில் முதல் நாள் பதினெட்டு, மறுநாள் ஏழு. உனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா வெளியூர்க்காரர் ஆயிற்றே, கல் என்று இருந்தால் என்ன நினைப்பாரோ என்று, எல்லா இடத்திலும் கல்லை எடுத்துவிட்டு கி.மீ. என்று அடித்தேன். அதைச் செய்தது நான்தான். உன் யோசனையுமல்ல, அப்பாவின் எழுத்துமல்ல.

டாக்டரம்மா அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தார். "கவர்மென்ட் ஆர்டர் மாதிரி இருக்கே" என்றார். அப்புறம் உன் நெஞ்சில் வெகுநேரம் குழாயை வைத்துக் கேட்டார். "படிப்படியா ஏத்துறதா இருந்தா சரி. இதுல இருக்கிற தூரம்தான். ஒரு கிலோமீட்டர் கூடக் கூடாது" என்று சொல்லி அடியில் கையெழுத்துப் போட்டார். என் கையைப் பிடித்து உன் மணிக்கட்டில் வைத்து நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். நூற்றுப்பத்தைத் தாண்டினால் உட்கார வைக்க வேண்டும், உட்கார்ந்தும் இறங்காவிட்டால் நடையை நிறுத்திவிட வேண்டும்.

முதல் நாள் கடற்கரைச் சாலையில் எனக்கு உன் நாடியே அகப்படவில்லை. விரலை மேலே நகர்த்தினேன், கீழே நகர்த்தினேன், ஒன்றும் இல்லை. "ஏண்டி, நான்தானே பேசிக்கிட்டு இருக்கேன், செத்தவ பேசுவாளா?" என்றாய் நீ. நான் கட்டைவிரல் பக்கத்தை விட்டுவிட்டுச் சுண்டுவிரல் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பொம்பளைகள் வேலை எதுவும் இல்லாமல் காலையில் சாலையில் நடந்தால் ஊர் சும்மா இருக்குமா? எங்கே, எங்கே என்று கேட்டே நம்மைக் கொன்றுவிட்டார்கள். அதற்கு நீ கண்டுபிடித்த வழி, கையில் ஒரு மண்ணெண்ணெய் டின். டின்னைப் பிடித்துக்கொண்டு போனால் ரேஷன் எண்ணெய்க்கு என்று நினைத்து ஒருத்தரும் கேட்க மாட்டார்கள் என்றாய். பத்து நாள் சரியாகத்தான் போயிற்று. பதினோராம் நாள் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஏழெட்டுப் பெண்கள், ஆளுக்கொரு டின்னோடு. "இன்னைக்கு எங்கேம்மா ஊத்துறாங்க? எங்களுக்கும் சொன்னா என்ன?" என்று சண்டைக்கு வந்தார்கள். நீ சிரித்த சிரிப்பில் வால்வு என்ன ஆகுமோ என்று பயந்தேன். அந்த நேரத்திலும் உன் கையைப் பிடித்து எண்ணிக்கொண்டுதான் நின்றேன். தொண்ணூற்றெட்டு.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டு மூன்று வாரம் விடவில்லை. அரசலாறு கரை தொட்டு ஓடியது. உன் வீட்டுத் தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாய். நான் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணினேன். ஒவ்வொரு வாரமும் உன் மூச்சு நன்றாகிக்கொண்டு வந்தது. என் பயமும் கூடிக்கொண்டே வந்தது. நீ தேறத் தேற, நாம் நிஜமாகவே போகப் போகிறோம் என்று ஆகிவிட்டதே. மார்கழிக் கடைசி ஞாயிறு, நம் பக்கத்துச் சாலையிலேயே ஒன்பது கல் போய்த் திரும்பிப் பதினெட்டையும் நடந்துவிட்டாய். ஒரு கல்லுக்கு இருபது நிமிடம், முதல் கல்லும் அதே, பதினெட்டாவது கல்லும் அதே. "பெண்டுலம் மாதிரி போறாளே" என்று உன் வீட்டுக்காரர் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார்.

தையில் ஒரு வியாழக்கிழமை விடிய விடியக் கிளம்பினோம். பையில் உப்பு, விளக்கெண்ணெய், துணிக் கிழிசல், மாத்திரை, எலுமிச்சம்பழம். வாஞ்சூர் எல்லை வரைக்கும் பன்னிரண்டு கல்லும் சொன்னபடி வந்தன. செக்போஸ்ட்டில் காவலர் நம் பையைச் சாராயப் பாட்டிலுக்காகக் கிளறி, விளக்கெண்ணெயை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். நீ ஒரு மரத்தடியில் உட்கார்ந்து காலில் எண்ணெய் தடவினாய். நான் எதிரே இருந்த டீக்கடைக்குப் போனேன்.

"வேளாங்கண்ணிக்கு இன்னும் எத்தனை கல்லுங்க?" என்றேன்.

"பதிமூணு கல்லும்மா."

நோட்டுக் கணக்கு சரியாக இருக்கிறது என்று நிம்மதியாகக் காசை எடுத்தேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "காரைக்காலா நீங்க? நடந்தா போறீங்க? அப்படின்னா கேட்டுக்குங்க. இந்தப் பக்கம் கல்லுன்னா மைலு. இங்கிலீஷ்காரன் நட்ட கல்லை இந்த ரோட்டுல இன்னும் புடுங்கல. உங்க ஊரு கிலோமீட்டர்ல பார்த்தா இருபத்தொண்ணு வரும். உங்க ஆளுங்க எல்லாம் இங்கதான் ஏமாறுவாங்க."

நான் அந்த டீயைக் குடித்தேனா என்று எனக்கு நினைவில்லை. உன் அப்பா தூரத்தை எழுதவில்லை, கல்லை எண்ணி எழுதியிருக்கிறார். நான் அதைத் தூரமாக்கி, கி.மீ. என்று அடித்து, டாக்டரம்மாவிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். ஒரு கிலோமீட்டர் கூடக் கூடாது என்றவரிடம் எட்டுக் கிலோமீட்டரை மறைத்து வாங்கிய கையெழுத்து அந்தப் பையில் எலுமிச்சம்பழத்துக்கு அடியில் இருந்தது.

நான் சொல்லியிருக்க வேண்டும். சாலையைக் கடந்து வந்தபோது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ நிமிர்ந்து பார்த்து, "பாதி முடிஞ்சுதுடி" என்றாய். உன் மனம் நோகக் கூடாதென்று மறைத்தேன் என்று எழுத எனக்கு ஆசைதான். அது பொய். சொன்னால் நீ பஸ் ஏறிவிடுவாய், ஆறு மாதமும் என்னால் பாழாகும். அல்லது சொல்லியும் நடப்பாய், அப்போது உனக்கு ஏதாவது ஆனால் தெரிந்தே அழைத்துப் போனவள் ஆவேன். இரண்டையும் நினைத்துப் பயந்தேன். பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். மூடியதால் தெரிந்தே அழைத்துப் போனவளாகத்தான் ஆனேன்.

முதல் கல் வந்ததும், "எவ்வளவு ஆச்சு?" என்றாய். கடிகாரம் என் கையில்தான் இருந்தது. யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்: "முப்பத்திரண்டு நிமிஷம்."

உன் முகம் விழுந்துவிட்டது. "இருபதுல வந்தவ முப்பத்திரண்டுக்கு வந்துட்டேனா?" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாய்.

இரண்டாவது கல்லிலிருந்து பொய் சொன்னேன். இருபத்து மூன்று. இருபத்து நாலு. இருபத்திரண்டு. நீ நம்பவில்லை என்று நினைக்கிறேன். கல்லுக்குக் கல் நீ வேகத்தைக் கூட்டப் பார்த்தாய், நான் உன் முந்தானையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். அன்று நாகப்பட்டினத்தில் உன் சின்னம்மா வீட்டில் தங்கினோம். மறுநாள் காலை உன் பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. அதை உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, "ஏழு கல்லுதானே" என்றாய். சின்னம்மா என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

அன்றைக்கு நாலாவது கல்லைத் தாண்டிப் பாதியில் நீ நின்றுவிட்டாய். உதட்டோரம் நீலம் பாய்ந்திருந்தது. ஒரு பூவரச நிழலில் உன்னை உட்கார வைத்து மணிக்கட்டைப் பிடித்தேன். நூற்று இருபத்தெட்டு. "எவ்வளவு?" என்றாய். "நூத்தி ஆறு" என்றேன். மாதா, அம்பகரத்தூர்க் காளியம்மா, வாயில் வந்த எல்லாரையும் கூப்பிட்டேன். அரை மணி நேரத்தில் நூற்றுப் பன்னிரண்டுக்கு இறங்கியது, அதற்குக் கீழே வர மறுத்தது. உன் வீட்டுக்காரர் கோயில் வாசலில் நிற்பதும், நான் தனியாக அவர் எதிரில் போய் நிற்பதும் கண்ணில் தெரிந்தது. அப்போது ஒரு பஸ் வந்தது. நான் எழுந்து நடுச்சாலைக்குப் போய் இரண்டு கையையும் நீட்டி அதை நிறுத்தினேன்.

"ஏறுங்கம்மா, சீக்கிரம்" என்றார் கண்டக்டர்.

நீ எழுந்திருக்கவில்லை. "இன்னும் எத்தனை கல்லுடி?" என்றாய்.

"ரெண்டரை."

"உண்மையைச் சொல்லு. ரெண்டரைதானா?"

"ரெண்டரைதான்" என்றேன். கல் கணக்கில் அது நிஜம். அதைவிடப் பெரிய பொய்யை என் ஆயுளில் நான் சொன்னதில்லை.

"அப்ப அவரைப் போகச் சொல்லு."

பஸ் போய்விட்டது. நீ இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்தாய். நாடி நூற்று நாலுக்கு வந்தது. அப்புறம் கையை ஊன்றி நீயாகவே எழுந்தாய், நான் நீட்டிய கையைத் தட்டிவிட்டு. அந்த இரண்டரைக் கல்லையும் நான் உன் காலைப் பார்த்துக்கொண்டே நடந்தேன், எப்போது மடங்குமோ என்று. மடங்கவில்லை. கோபுரம் தெரிந்ததும் நீ அழவில்லை, நான்தான் அழுதேன். உன் வீட்டுக்காரர் வெயிலில் வெளுத்துப்போய் நின்றிருந்தார். "ரெண்டு மணி நேரமா நிக்கிறேன்மா, என்ன ஆச்சு?" என்றார். "வழியில ஆற அமர உட்கார்ந்துட்டோம் அண்ணே" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இன்றுவரை அந்தக் கை எனக்குக் கூசுகிறது.

ஊர் திரும்பியதும் நீ குடம் தூக்கினாய், மாடி ஏறினாய். யாராவது பைலை வாங்க வந்தால் "இருபத்தஞ்சு கிலோமீட்டர் நடந்தவ நான்" என்று விரட்டினாய். ஆனால் நடந்த கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வாய்: "எல்லை வரைக்கும் நல்லாத்தான் நடந்தேன். அப்புறம் தேய்ஞ்சுட்டேன்." ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் உனக்கு மறுபடி மூச்சு வாங்க ஆரம்பித்தது. வால்வு திரும்பச் சுருங்கிவிட்டது என்றார்கள். கடைசி வாரம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். நான் வெந்நீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னாய்: "எனக்கு அன்னைக்கே தெரியும் சாரதா. எல்லையைத் தாண்டினதும் கால் இழுத்துச்சு பாரு. அப்பவே உள்ள கெட ஆரம்பிச்சிருக்கு. நீ பாவம், நேரத்தைக் குறைச்சுக் குறைச்சுச் சொன்னே."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். உன் வீட்டுக்காரர் கதவருகே நின்றிருந்தார். நான் உன் தலையணையைச் சரிசெய்தேன்.

நீ போன பிறகு டாக்டரம்மாவிடம் போனேன். யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பது போல, எட்டுக் கிலோமீட்டர் அதிகமாக நடந்தால் வால்வு கெடுமா என்று கேட்டேன். "கெடாது. அது தானா சுருங்கும், நடந்தாலும் சுருங்கும், படுத்திருந்தாலும் சுருங்கும்" என்றார். யாரைப் பற்றிக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் சொன்னதை நான் அன்றும் முழுதாக நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. யார் மூச்சு வாங்கினாலும் என் விரல் அவர்கள் மணிக்கட்டைத் தேடிப் போகிறது. உன் வீட்டுக்காரரும் போய்விட்டார். நான் பயந்துகொண்டிருந்த ஆள்கள் ஒருவரும் இப்போது இல்லை, பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. அது இருந்துவிட்டுப் போகட்டும். உன்னுடையதை உன்னிடம் கொடுத்துவிடுகிறேன்.

நீ நடந்தது இருபத்தைந்து இல்லை, முப்பத்து மூன்று. உன் அப்பா வருடா வருடம் உனக்காக நடந்ததும் முப்பத்து மூன்றுதான். எல்லைக்கு அந்தப் பக்கம் கற்கள்தான் தள்ளித் தள்ளி இருந்தன. உன் கால் இழுக்கவே இல்லை. பூவரச நிழலில் உட்கார்ந்ததைக் கழித்துவிட்டால், முதல் கல்லிலிருந்து கடைசிக் கல் வரை நீ ஒரே வேகத்தில் நடந்தாய். கடிகாரம் என் கையில் இருந்தது, நான் பார்த்தேன்.